பாட்டியும் பாட்டும்

பாட்டிக்கும் பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழறிந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் ஓர் இரவு, தில்லியின் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வகக் கணினியில் ஓடிய இருபத்திரண்டு வரி நிரலுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. நிரல் ஓடுவதற்கு முன் கோப்புறையில் 412 ஒலிக்கோப்புகள் இருந்தன. ஓடி முடிந்தபோது 397 இருந்தன. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. திரையின் கடைசி வரியில், நிரலை எழுதிய மாணவி தானே சேர்த்திருந்த 'முடிந்தது' என்ற சொல் மட்டும் நின்றது.

மொழியியலில் முதுகலை முடித்து ஆய்வில் சேர்ந்து ஓராண்டே ஆகியிருந்த மாணவி அவர். பைத்தான் கற்கத் தொடங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது. அந்த 412 கோப்புகளும் 2024-இன் முற்பகுதியில் ஜங்புராவின் மதராஸி கேம்ப்பில் பதிவு செய்யப்பட்டவை. பாராபுல்லா வடிகாலின் கரையில் பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வந்த குடியிருப்பு அது. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் தில்லி வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறையின் தமிழ் அங்கே ஒரே சந்தில் புழங்கியது. பாட்டி பேசிய தமிழில் இந்திச் சொற்கள் குறைவு; பேத்தியின் தமிழில் வினைமுற்று மட்டுமே சில வேளைகளில் தமிழாக எஞ்சியது. மாணவியின் ஆய்வுப்பொருள் அதுதான்.

2025 ஜூன் 1 அன்று, தில்லி உயர்நீதிமன்ற ஆணையின்படி, ஏறத்தாழ 370 வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. மாற்றுக் குடியிருப்புக்குத் தகுதி பெற்றவர்களுக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. சிலர் அருகிலேயே வாடகைக்கு ஒதுங்கினர். சிலர் தமிழ்நாட்டுக்கே திரும்பினர். அதன்பின் அந்த ஒலிக்கோப்புகள் ஆய்வுத் தரவு என்ற எல்லையைக் கடந்துவிட்டன. நரேலாவுக்குப் போன பெண்ணொருவர் தொலைபேசியில் கேட்டார்: "எங்கம்மா பேசுனது உங்ககிட்ட இருக்குமே, அத அனுப்புறியாம்மா?" அதைத் தேடப் போனபோதுதான் கோப்புப் பெயர்கள் எவ்வளவு குழம்பிக் கிடக்கின்றன என்று மாணவிக்கு உறைத்தது.

களப்பணி செய்தவர்களுக்கு இந்தக் குழப்பம் பழகியதே. ஒலிப்பதிவுக் கருவி தானாக இட்ட எண்கள் ஒருபுறம். 'பாட்டி 2', 'பாட்டு 2', 'மாமி புது', 'மாமா புது (1)', 'தண்ணி சண்டை??', 'கடைசி', 'கடைசி உண்மையான கடைசி' என்று களத்தில் அவசரமாக இட்ட பெயர்கள் மறுபுறம். இடையிடையே பேசியவரின் முழுப்பெயரும் வீட்டு எண்ணும். இவற்றை ஒழுங்குபடுத்த மாணவி எழுதிய நிரலின் கருத்து எளியது: கோப்புறையில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எடு, எழுத்தும் எண்ணும் தவிர மற்ற எல்லாவற்றையும் அடிக்கோடாக மாற்று, தொடர்ந்து வரும் அடிக்கோடுகளை ஒன்றாக்கு, புதிய பெயரை இடு. தொடக்க நிலைப் பாடங்கள் எல்லாவற்றிலும் காணப்படும் நிரல்தான் இது. தன் விண்டோஸ் மடிக்கணினியில், ஆங்கிலப் பெயர் கொண்ட இருபது பி.டி.எஃப் கோப்புகளின் மீது ஓட்டிப் பார்த்தார். குறையில்லாமல் வேலை செய்தது. பின்னர் லினக்ஸ் இயங்கும் ஆய்வகக் கணினியில் ஒலிக்கோப்புகளின் மீது ஓட்டினார்.

மறுநாள் காலையில் விடுதியின் மூத்த ஆய்வாளர் ஒருவரிடம் மடிக்கணினியுடன் போய் நின்றார். புள்ளியியல் துறையைச் சேர்ந்த அவர் மதுரைக்காரர்.

"அக்கா, 412 இருந்துச்சு. இப்போ 397தான் இருக்கு."

"மூலத்துக்குப் பிரதி வச்சிருக்கியாம்மா?"

மாணவி பதில் சொல்லவில்லை. மூத்தவர் அதற்கு மேல் அந்தக் கேள்வியைக் கேட்கவுமில்லை. நிரலைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு 'பாட்டி' என்ற சொல்லை மட்டும் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். திரையில் 'ப_ட_ட_' என்று வந்தது. 'பாட்டு' என்று கொடுத்தபோதும் 'ப_ட_ட_' என்றே வந்தது. 'மாமி'யும் 'மாமா'வும் 'ம_ம_' ஆயின.

காரணம் பைத்தானின் நெறிக்கோவைத் தொகுதியில் இருக்கிறது. 'எழுத்து அல்லது எண்' என்று அது கொள்ளும் வகுப்பில் தமிழின் உயிரெழுத்துகளும் அகரமேறிய மெய்களும் ஆய்தமும் அடங்கும். துணைக்கால், கொம்பு, சுழி முதலிய உயிர்க்குறிகளும் புள்ளியும் அடங்கா. ஒருங்குறித் தரம் அவற்றை எழுத்து என்னும் இனத்தில் வைக்காமல் 'சார்ந்து நிற்கும் குறி' என்னும் இனத்தில் வைத்திருக்கிறது. பைத்தான் அந்த இனத்தைக் கழித்துவிடுகிறது. தேவநாகரிச் சொற்கள் இதனால் துண்டுதுண்டாவதைச் சுட்டிய முறையீடு 2007-லேயே பைத்தானின் வழுப்பட்டியலில் பதிவாயிற்று. 'ரீஜெக்ஸ்' என்ற மாற்றுத் தொகுதி இந்தக் குறிகளையும் சொல்லின் பகுதியாகவே கொள்கிறது. ஆனால் தொடக்க நிலைப் பாடங்கள் பெரும்பாலும் பைத்தானோடு வரும் தொகுதியையே கற்பிக்கின்றன. ஆங்கிலத்தில் சோதித்தால் இந்தக் குறை ஒருபோதும் வெளிப்படாது.

மெய்யின் இயல்பு புள்ளியோடு நிற்பது என்று வகுத்தது தொல்காப்பியம். உயிர்மெய் ஒரே எழுத்து என்பது தமிழ்ப் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியிலேயே கற்பது. அந்த எழுத்தை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை எழுத்தென்றும் மறுபாதியைக் குப்பை என்றும் நிரல் பிரித்துக்கொண்டது. பிளந்த பின் பாட்டியும் பாட்டும் ஒன்றே. ஒன்றின் பெயரை மற்றொன்று பெற்றபோது நடந்தது இரண்டாவது பிழை. விண்டோஸில், இருக்கும் பெயரையே மற்றொரு கோப்புக்கு இட முயன்றால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். லினக்ஸில் அதே கட்டளை, முன்பிருந்த கோப்பை ஓசையின்றி அழித்துவிட்டுப் புதியதை அங்கே வைக்கும். பதினைந்து கோப்புகள் மறைந்தது இப்படித்தான்.

ஒலிப்பதிவுக் கருவியின் நினைவட்டையில் ஒன்பது கோப்புகள் கிடைத்தன. எழுத்துப்பெயர்ப்புக்காகத் தோழி ஒருவருக்கு அனுப்பிய மின்னஞ்சல்களில் ஐந்து கிடைத்தன. 'பாட்டி 2' கிடைக்கவில்லை. முதல் குடிசைகள் எப்படிப் போடப்பட்டன என்று முதியவர் ஒருவர் நாற்பது நிமிடம் சொன்ன பதிவு அது. அவர் ஜூன் மாதமே தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிட்டார். எந்த ஊருக்கு என்று அண்டை வீட்டாருக்கும் தெரியவில்லை.

இதன் பிறகே நிரலைத் திருத்தும் வேலை தொடங்கியது. இருவரும் மூன்று மாலைகள் உட்கார்ந்து செய்த அந்தத் திருத்தங்கள், தமிழ்த் தரவைக் கையாளும் எவருக்கும் பயன்படக்கூடியவை.

முதல் திருத்தம் நிரலின் போக்கையே மாற்றியது. பெயர் மாற்றுவதை நிறுத்திவிட்டு, மாற்றப் போவதைப் பட்டியலிடுவதை மட்டும் செய்யவைத்தார்கள். பழைய பெயர், புதிய பெயர் என்று இரண்டு நெடுவரிசை கொண்ட அட்டவணை ஒன்றை நிரல் எழுதும். மனிதர் அதைப் படிப்பார். படித்து ஒப்பிய பிறகே இரண்டாம் முறை உண்மையாக ஓடும். அதுவும் மூலத்தின் மீது ஓடாது. பிரதியின் மீதே ஓடும். புதிய பெயர்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிட்டு, இரண்டு பெயர் ஒன்றாகும் இடம் ஒன்றே ஒன்று இருந்தாலும் எதையும் தொடாமல் நின்றுவிடும். ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்துக்கும் ஷா-256 என்னும் கைரேகை எண்ணை முன்பும் பின்பும் கணக்கிட்டு ஒப்பிடும். இந்த அட்டவணை இருந்தால் செய்ததை மீட்டுப் பழையபடி ஆக்கவும் முடியும்.

இரண்டாம் திருத்தம், எதை வைத்துக்கொள்வது என்று சொல்வதை விட்டு, எதை நீக்குவது என்று மட்டும் சொல்வது. விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காத குறிகள் ஒன்பது: சாய்கோடுகள் இரண்டு, முக்காற்புள்ளி, உடுக்குறி, வினாக்குறி, இரட்டை மேற்கோள், கோணக்குறிகள் இரண்டு, நெடுங்கோடு. இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகளையும் நீக்கினால் போதும். உயிர்க்குறிகளைத் தொடவேண்டிய தேவையே எழாது.

மூன்றாம் சிக்கல் வெளிப்படையாகத் தெரியாதது. தோழி தன் பழைய மேக் கணினியிலிருந்து திருப்பி அனுப்பிய கோப்புகளில் 'கொடிக்கம்பம்' என்ற பெயர் இருந்தது. மாணவியிடமும் 'கொடிக்கம்பம்' இருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. 'கொ' என்பதைக் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகளில் எழுதலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்றாகவும் எழுதலாம். ஆப்பிள் முன்பு பயன்படுத்திய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களை இந்தப் பிளந்த வடிவிலேயே சேமித்தது. இரண்டும் நிகரானவை என்று ஒருங்குறித் தரமே அறிவித்திருப்பதால், பைத்தானில் ஒரே வரியில் அவற்றைச் சேர்ந்த வடிவுக்குக் கொண்டுவரலாம். நிரல் அதைச் செய்தது. பல 'வேறு' கோப்புகள் இரட்டைகள் என்று தெரிந்தன.

நான்காவதில்தான் நிரல் எழுதும் திறமை போதாமல் போனது. தமிழ்த் தட்டச்சில் 'கௌரி' என்பதைப் பலர் 'கெளரி' என்று, கொம்பும் ளகரமுமாக அடிக்கின்றனர். 'ஔவை'யை 'ஒளவை' என்று அடிக்கின்றனர். பெரும்பாலான எழுத்துருக்களில் இவை ஒன்றுபோலவே தெரியும். ஆனால் இவை ஒருங்குறிப்படி நிகரானவை அல்ல. மேற்சொன்ன ஒற்றை வரி இவற்றைச் சேர்க்காது. மாணவி தானே ஒரு விதி எழுதினார்: கொம்பை அடுத்து ளகரம் வந்தால் ஔகாரக் குறியாக்கு. உடனே 'தெளிவு' உடைந்தது. 'ஒகரத்தை அடுத்த ளகரம் ஔகாரம்' என்ற விதியால் 'ஒளி'யும் உடைந்தது. விதியைத் திருத்தினார்: ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாவிட்டால் மட்டும் மாற்று. 'தெளிவு' பிழைத்தது, 'வெள்ளம்' பிழைத்தது, 'கெளுத்தி' பிழைத்தது. 'கெளரி' கௌரியானாள். இருவரும் மகிழ்ந்தனர்.

ஒத்திகை அட்டவணையை வரிவரியாகப் படித்தபோது 187-ஆம் வரியில் மாணவி நின்றார். பழைய பெயர் 'ஊர்ல இருந்து கெளம்புன கத'. புதிய பெயர் 'ஊர்ல இருந்து கௌம்புன கத'. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒருங்குறி எண்களைக் காட்டும் மூன்றாம் நெடுவரிசை ஒன்றை முந்தைய மாலையில் சேர்த்திருந்ததால் மட்டுமே மாற்றம் புலப்பட்டது.

பேச்சுத் தமிழின் நன்கறிந்த ஒலிவிதிகளுள் ஒன்று அந்தச் சொல்லில் இருக்கிறது. முதலசையில் குறில் இகரமோ உகரமோ வந்து அடுத்த அசையில் அகரம் வந்தால், இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் தாழும். இலை 'எல' ஆவதும் உடம்பு 'ஒடம்பு' ஆவதும் குழந்தை 'கொழந்த' ஆவதும் இதனால்தான். கிளம்பு 'கெளம்பு' ஆகிறது, விளக்கு 'வெளக்கு' ஆகிறது, உளறு 'ஒளறு' ஆகிறது. இவற்றில் ளகரம் அகரமேறி நிற்பதால் மாணவியின் திருத்திய விதி சரியாக இங்கேயே பாய்கிறது. எழுத்துத் தமிழுக்கு ஏறத்தாழப் பிழையற்ற அந்த விதி, பேச்சுத் தமிழை மட்டும் குறிவைத்துக் கெடுக்கிறது. மாணவியின் ஆய்வேட்டில் ஓர் இயல் முழுவதும் இந்த உயிர்த்தாழ்வு பற்றியது: தில்லியில் பிறந்த பேத்திகள் அதைக் காக்கிறார்களா, இழக்கிறார்களா என்பது பற்றியது. எந்தச் சொற்களைத் தரவென்று திரட்டினாரோ, அவற்றையே தன் கையால் அழுக்கென்று துடைக்க இருந்தார்.

"இத விதியா எழுத முடியாதுல்ல, அக்கா?"

"முடியாது. பட்டியலாப் போடு. ஒவ்வொண்ணையும் நீயே பாத்து முடிவு பண்ணு."

அப்படியே செய்தார். ஒருங்குறி நிகரென்று உறுதி சொல்லும் இடத்தில் மட்டும் நிரல் தானே மாற்றும். ஐயம் உள்ள இடங்களைத் தனிக்கோப்பில் எழுதி மனிதரிடம் கொடுக்கும். எழுத்து 'எ'வுக்கும் தமிழ் எண் ஏழுக்கும், 'க'வுக்கும் தமிழ் எண் ஒன்றுக்கும் இடையே தட்டச்சில் நேரும் மயக்கங்களும் அந்தக் கோப்புக்கே சென்றன. மொத்தம் அறுபத்துமூன்று இடங்கள். படித்து முடிக்க ஒரு மணிநேரம் கூட ஆகவில்லை.

ஐந்தாவது, பெயரின் நீளம். லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறியீடு, பதினைந்து பைட். எனவே 85 குறியீட்டுக்குள் தமிழ்ப் பெயர் முடிந்தாக வேண்டும். நீளமானதை வெட்டும்போது குறியீட்டெண்ணை மட்டும் பார்த்து வெட்டினால் ஈற்றுப் புள்ளி உதிர்ந்து 'பாடல்' 'பாடல' ஆகிவிடும். எழுத்தெல்லை பார்த்தே வெட்டவேண்டும்.

ஆறாவது, வரிசை. எண்களை 1, 2, 10 என்று இட்டால் பல கருவிகள் 1, 10, 2 என்று அடுக்கும். 001, 002, 010 என்று இடுவதே தீர்வு. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற முறையில் எழுதினால் அகரவரிசையே கால வரிசையாகிவிடும். கோப்புறையைப் படிக்கும் கட்டளை எந்த வரிசையில் பெயர்களைத் தரும் என்பதற்கு உறுதியில்லை என்பதால், நிரலே அவற்றை வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். 2014-இல் நேச்சர் புரோட்டோகால்ஸ் இதழில் வெளியான வேதியியல் கட்டுரையோடு வந்த பைத்தான் நிரல்கள், கோப்புகளின் வரிசையை இயங்குதளத்தின் போக்குக்கே விட்டிருந்தன. ஒரே தரவுக்கு வெவ்வேறு கணினிகளில் வெவ்வேறு விடை வருவதை 2019-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தினர் கண்டறிந்து வெளியிட்டனர். பெயரும் வரிசையும் முடிவுகளையே மாற்றக்கூடும் என்பதற்கு அது போதிய சான்று.

கடைசித் திருத்தத்தில் நிரலுக்கு வேலை குறைவு. பேசியவரின் பெயரும் வீட்டு எண்ணும் கோப்பின் பெயரிலேயே இருப்பது, குடியிருப்பு இடிக்கப்பட்ட பின் வேறு பொருள் பெற்றுவிட்டது. யார் எந்த வீட்டில் இருந்தார் என்பது இன்று மறுகுடியமர்த்தல் தகுதியோடு பிணைந்த செய்தி. ஒலிக்கோப்பைப் பகிரும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து பகிரப்படக்கூடாது. ஆகவே கோப்புக்கு இடக்குறியீடு, தேதி, மூன்றிலக்க எண் மட்டும் என்று முடிவாயிற்று. பேசியவர், பொருள், ஒப்புதல், களத்தில் இட்ட பழைய பெயர் ஆகியவை பூட்டிய அட்டவணைக்குச் சென்றன. தமிழ்மின்னுலகுக்கு இது புதிதன்று. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களுக்கு வரிசை எண்ணே இட்டது. இலங்கையில் 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டமும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் எண்ணைத் தருகிறது. டிஸ்கி, டாப், டாம் என்று குறியேற்றங்கள் பெருகிக் கிடந்த காலத்திலிருந்து, 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்ற காலம் வரை எழுத்தின் உள்வடிவம் மாறிக்கொண்டே வந்தது, எண்கள் மாறவில்லை.

திருத்திய நிரல் இருநூறு வரிக்குச் சற்றுக் குறைவு. பெயர் மாற்றும் வரி அதில் இப்போதும் ஒன்றே. மற்ற வரிகளெல்லாம் அந்த ஒரு வரி ஓடுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள்.

நரேலாவிலிருந்து கேட்ட பெண்ணுக்கு அவருடைய அம்மாவின் இரண்டு பதிவுகளும் செப்டம்பரில் போய்ச் சேர்ந்தன. 'பாட்டி 2' பற்றி மாணவி தன் ஆய்வேட்டின் தரவு இயலில் ஒரு பத்தி எழுதியிருக்கிறார்: என்ன பதிவு, யாருடைய பிழையால் அழிந்தது, எப்படி என்று. வழிகாட்டி அதை நீக்கச் சொல்லவில்லை. அட்டவணையில் அந்தப் பதிவுக்கு உரிய 218 என்ற எண் வேறெந்தக் கோப்புக்கும் தரப்படவில்லை. தேதி, இடம், கால அளவு, பொருள் எல்லாம் அந்த வரியில் நிரப்பப்பட்டுள்ளன. கோப்பு என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.